வீட்டுச் சீனியைக் குறைப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மாதத்துக்கு உங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோ சீனி வருகிறது? உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். "நாங்கள் இனிப்பு அவ்வளவாகச் சாப்பிடுவதில்லையே" என்று பலரும் பதில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. தொதலும் பயற்றம் பணியாரமும் யார் வீட்டிலும் நாள்தோறும் இருப்பதில்லை. நம் பக்கத்தில் சீனி உடம்புக்குள் போகும் பெருவழி தேநீர். விடிந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, யாராவது வந்தால் அவரோடு இன்னொன்று. பெரும்பாலான வீடுகளில் சீனி கேத்தலிலேயே கலந்துவிடுகிறது. தனக்கு எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிக்கும் வாய்ப்பே குடிப்பவருக்குக் கிடைப்பதில்லை.

அதனால்தான் இந்த வழிகாட்டியை எடை குறைக்க விரும்பும் தனியாளுக்காக எழுதாமல் ஒரு வீட்டுக்காக எழுதுகிறேன். கடைக்குப் போகிறவர், அடுப்படியில் நிற்பவர், விருந்தினரை உபசரிப்பவர் ஆகிய எல்லோரும் சேர்ந்தால்தான் சீனி குறையும். ஒருவர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவார்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நம் முன்னோரும் மூன்று வேளையும் சோறும் பிட்டும்தான் சாப்பிட்டார்கள். ஆனால் படுவான்கரை வயல்களில் நாற்று நட்டு, கையால் அறுத்து, சூடு மிதித்துப் பொழுதைக் கழித்தார்கள். இன்று அறுவடையை இயந்திரம் செய்கிறது. சந்திக்கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம். உழைப்பு மாறிவிட்டது, சோற்றுத் தட்டின் அளவு மாறவில்லை. அதன் மேல் சீனியும் சேர்கிறது. செலவாகாத கலோரி கொழுப்பாகி வயிற்றைச் சுற்றியும் சேர்கிறது. தெற்காசிய உடல்வாகில் இந்த வயிற்றுக் கொழுப்புதான் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் வழி திறந்துவிடுகிறது.

முதற்படி: வீட்டுச் சீனிக் கணக்கு

மாதத் தொடக்கத்தில் வாங்கும் சீனியை ஒரே போத்தலில் கொட்டி, அதன் மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள். இடையில் வாங்கும் ஒவ்வொரு கிலோவையும் அதிலேயே குறித்து வாருங்கள். முப்பது நாள் முடிந்ததும், செலவான மொத்தச் சீனியை வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையாலும், பிறகு முப்பதாலும் வகுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் 6 கிலோ முடிந்திருந்தால், ஒருவருக்கு ஒரு நாளுக்கு 50 கிராம் போயிருக்கிறது.

இது அதிகமா? உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு நாளில் நாம் பெறும் கலோரியில் சேர்க்கப்பட்ட சீனியின் பங்கு 10 சதவீதத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு அந்த எல்லை 50 கிராம். அதை 5 சதவீதத்துக்கு, அதாவது 25 கிராமுக்குக் குறைத்தால் இன்னும் நல்லது என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. 25 கிராம் என்பது மட்டமான தேக்கரண்டியால் ஏறக்குறைய ஆறு. தேன், கித்துள் பாணி, பனங்கட்டி, பிழிந்த பழச்சாறு ஆகியவற்றின் இனிப்பும் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ள இனிப்பு சேராது.

போத்தல் கணக்கிலேயே 50 கிராம் வந்துவிட்டால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்றே கொள்ளுங்கள். பிஸ்கட், பணிஸ், சோடா, யோகட், டின்பால் எதுவும் அந்தப் போத்தலில் இல்லை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 2 கிலோ என்பதை இலக்காக வையுங்கள். அப்போது ஆளுக்கு நாளொன்றுக்குப் 17 கிராம் அளவில் வரும்; வெளியில் உண்பதற்கும் சிறிது இடம் மிஞ்சும். ஒரே மாதத்தில் ஆறிலிருந்து இரண்டுக்கு இறங்க வேண்டாம். முதல் மாதம் ஐந்து, அடுத்த மாதம் நான்கு என்று இறங்குங்கள். சீனியில் மிஞ்சும் காசுக்கு முட்டையோ மீனோ வாங்கலாம்.

இரண்டாம் படி: தேநீர்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால், சற்றுக் குவித்துப் போடும்போது 50 கிராமைத் தொட்டுவிடுகிறது. அது 200 கலோரி, ஏறக்குறைய ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சமம். சோறு வயிற்றை நிரப்பும். சீனித் தண்ணீர் நிரப்பாது. குடித்த பிறகும் அதே அளவு சோற்றைத்தான் உண்போம்.

முதல் வேலை, கேத்தலிலும் சுடுதண்ணீர்ப் போத்தலிலும் சீனி போடுவதை நிறுத்துவது. தேநீரை வெறுமனே ஊற்றிக் கொடுத்து, சீனிக் கிண்ணத்தையும் ஒரு சிறு தேக்கரண்டியையும் மேசையில் வையுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை அவரவர் போட்டுக்கொள்ளட்டும். தன் கையால் மூன்றாவது கரண்டியை அள்ளும்போது மனிதர் ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணம் போதும்.

இரண்டாவது, தேநீர் ஏன் அவ்வளவு சீனி கேட்கிறது என்று பார்க்க வேண்டும். தூள் தேயிலையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் சாயம் கடுத்து, கசப்பும் துவர்ப்பும் ஏறிவிடும். அந்தக் கசப்பை மூடத்தான் மூன்று கரண்டி தேவைப்படுகிறது. தேயிலையைக் குறைத்து, கொதிநீரை ஊற்றி, மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போடுங்கள். ஏலக்காயோ கறுவாவோ சேர்த்தால் வாசனையே இனிப்பின் இடத்தைப் பாதி பிடித்துக்கொள்ளும். சாயம் இளகியதாக இருந்தால் ஒரு கரண்டி சீனியே தாராளம் என்று தோன்றும்.

மூன்றாவது, படிப்படியாக இறங்குவது. முதல் இரண்டு வாரம் குவித்த கரண்டியை மட்டமான கரண்டியாக மாற்றுங்கள். அடுத்த இரண்டு வாரம் இரண்டை ஒன்றரையாக்குங்கள். அதன் பிறகு ஒன்று, பிறகு அரை. நாக்கு சில வாரங்களில் புதிய அளவுக்குப் பழகிவிடும். முன்பு அளவாகத் தெரிந்த தேநீர் பின்னர் தெவிட்டும். சீனி போடாத தேநீரை ஒரு சிறு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் பழைய வழக்கத்துக்கும் திரும்பலாம். நாவில் நேரடியாகப் படுவதால் சிறு துண்டே போதும். ஆனால் பனங்கட்டி உடம்புக்குத் தீங்கு செய்யாது என்று எண்ணிப் பெரிய துண்டாக எடுக்கக் கூடாது. அதுவும் சீனிதான்.

பால்மாத் தேநீர் ஒரு நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை வெறுந்தேநீராக்குங்கள். டின்பாலில் ஏறக்குறைய பாதி சீனி. அதை ஊற்றிய தேநீருக்குத் தனியாகச் சீனி போடாவிட்டாலும் கணக்கில் மாற்றம் இல்லை. கடையில் குடிப்பதானால், ஊற்றுவதற்கு முன்பே "அண்ணா, சீனி அரைக் கரண்டி போதும்" என்று சொல்லுங்கள். இப்போது பலரும் அப்படிக் கேட்பதால் கடைக்காரர்களுக்கும் அது பழகிய பேச்சாகிவிட்டது.

செயற்கை இனிப்பூட்டிக்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில் கூறியது. நாக்கின் இனிப்பு நாட்டமும் அதனால் அப்படியே இருந்துவிடுகிறது.

மூன்றாம் படி: குளிர்பானம்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் கரையோரத்தில் தாகம் அடங்காது. அந்த நேரத்தில்தான் சோடா வீட்டுக்குள் வருகிறது. 100 மில்லிலீற்றரில் 9 கிராம் சீனி உள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடித்தால், ஒரே மூச்சில் 36 கிராம், ஒன்பது தேக்கரண்டி. ஒரு கோப்பைத் தேநீரில் ஒன்பது கரண்டி போடுபவர் யாருமில்லை.

இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவைக் காட்டும் வண்ணக் குறியீடு கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. மேலே சொன்ன ஒன்பது கரண்டிப் போத்தலின் குறி செம்மஞ்சள்தான் என்பதைக் கவனியுங்கள். செம்மஞ்சளைப் பார்த்து நிம்மதி அடையாமல், பக்கத்தில் உள்ள எண்ணைப் போத்தலின் முழு அளவோடு பெருக்கிப் பாருங்கள்.

மாற்று நம் வளவிலேயே இருக்கிறது. மண்பானைத் தண்ணீர் முதலிடம். தயிரைக் கடைந்து தண்ணீர் சேர்த்து, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்ட மோர் வெயிலுக்கு ஈடில்லாதது. இளநீரில் கொஞ்சம் இனிப்பு உண்டென்றாலும் சோடாவுக்குப் பல மடங்கு மேல். தோடம்பழத்தைப் பிழிந்து சீனி கரைத்துக் குடிப்பதற்குப் பதில் உரித்து உண்ணுங்கள். நார்ப்பொருள் வயிற்றுக்குப் போனால்தான் பசி அடங்கும்.

நான்காம் படி: பொதியின் பின்பக்கம்

கடையில் நின்று அரை நிமிடம் செலவழித்தால் போதும். சேர்பொருள்கள் எடை வரிசைப்படி எழுதப்படுகின்றன. முதல் மூன்றுக்குள் சீனி இருந்தால் அதை எப்போதாவது வாங்கும் பண்டமாக வையுங்கள். குளுக்கோஸ், பிரக்டோஸ், சுக்ரோஸ், சோளப்பாகு என்று வேறு பெயர்களில் வருவதையும் சேர்த்துப் பாருங்கள். காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோகும் சாதாரண மாரி பிஸ்கட்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சீனி இருக்கும். நோயாளிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் அதைவிட நல்லது.

ஐந்தாம் படி: சோற்றுத் தட்டு

சீனியைக் குறைத்துவிட்டு மலைபோலச் சோறு போட்டுக்கொண்டால் வயிறு குறையாது. நம் தட்டில் முக்கால் பங்கு சோறு, மூலையில் ஒரு கறி, நடுவில் குழம்பு. இதைத் தலைகீழாக்க வேண்டும். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்ற புரதம், மீதிக் கால் பங்கு சோறு. முதல் நாளே இப்படி மாற்றினால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பரிமாறும் வரிசையை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள். முதலில் கீரையையும் மரக்கறியையும் தட்டில் வைத்து, பிறகு மீன், கடைசியாகச் சோறு. கடைசியில் வைக்கப்படுவது தானாகவே குறையும்.

இந்த மாவட்டங்களில் மரக்கறிக்கும் மீனுக்கும் குறை சொல்ல முடியாது. வேலியோரத்து முருங்கையிலை, குளக்கரைப் பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. வல்லாரையைத் தேங்காய்ப்பூவோடு சம்பலாக்கி எலுமிச்சை பிழிந்தால் பிள்ளைகளும் உண்பார்கள். மீனில் விலை உயர்ந்ததைத் தேட வேண்டாம். நெத்தலி, சாளை, கீரி மூன்றும் சிறிய மீன்கள். புரதமும் நல்ல கொழுப்பும் நிறைந்தவை. பொரிப்பதைவிடப் புளி விட்டுக் குழம்பாக்குவது நல்லது. குழம்புக்கு முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் சமையுங்கள். தேங்காயை முற்றாக விலக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேங்காய் இல்லாத சமையலை நம் வீடுகள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. அளவைக் குறைத்தால் போதும்.

அரிசியில் தவிடு நீக்கிய வெள்ளைப் பச்சையரிசிக்குப் பதில் சிவப்பரிசியோ குத்தரிசியோ எடுங்கள். நெல் விளையும் மண்ணில் இருந்துகொண்டு தீட்டித் தீட்டித் தவிட்டை எறிந்துவிட்டு வெறும் மாச்சத்தை உண்பது எனக்கு எப்போதும் மனவருத்தமாக இருக்கிறது. சொந்த நெல்லைக் குற்றக் கொடுக்கும்போது அதிகம் தீட்ட வேண்டாம் என்று ஆலையில் சொல்லிவிடுங்கள்.

பிட்டுக்கு மூன்று பங்கு சிவப்பரிசி மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா கலந்து தொடங்கலாம். பழகியதும் பாதிக்குப் பாதி. பிட்டோடு சீனியும் வாழைப்பழமும் பிசைந்து உண்ணும் வீடுகளில் சீனியை மட்டும் விட்டுவிடுங்கள்; கனிந்த வாழைப்பழம் வேண்டிய இனிப்பைத் தரும். இடியப்பத்தைக் கோதுமை மாவுக்குப் பதில் அரிசி மாவில் அவித்து, வெறும் சம்பலோடு நிறுத்தாமல் ஒரு முட்டையோ பருப்போ சேர்த்துக் கொடுங்கள். காலையில் பாண்தான் வேண்டும் என்றால் சீனிச் சம்பலுக்கும் ஜாமுக்கும் பதில் பருப்புக் கறி. அவித்த கௌபியோ பயறோ தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்தால் காலை உணவே முடிந்துவிடும்.

பின்னேரம் பாண் விற்கும் முச்சக்கரவண்டி தன் இசையோடு தெருவுக்குள் வரும்போது பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள். அந்த நேரத்துக்கு முன்பே ஏதாவது அவித்து வைத்திருப்பதுதான் ஒரே வழி: மரவள்ளிக் கிழங்கு, சோளம், கடலை, வறுத்த கச்சான் ஒரு பிடி. கிழங்கு அவித்த நாளில் இரவுச் சோற்றைக் குறைத்துவிடுங்கள்.

தயிரைப் பற்றிச் சொல்லாமல் மட்டக்களப்பு உணவைப் பற்றி எழுத முடியாது. எருமைத் தயிர் நல்ல உணவு. புரதமும் கல்சியமும் நிறைந்தது. கொழுப்பும் சற்று அதிகம் என்பதால் ஒரு சிறு கிண்ணம் போதும். சிக்கல் அதன் மேல் ஊற்றும் பாணியில்தான். இரண்டு மேசைக்கரண்டி பாணியில் ஐந்தாறு தேக்கரண்டி சீனியின் இனிப்பு இருக்கிறது. ஒரு நாளுக்கு நல்லது என்று சொன்ன 25 கிராம் அத்தோடு முடிந்துவிடும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்துச் சோற்றோடு உண்ணுங்கள். இனிப்பாகத்தான் வேண்டுமென்றால் மாம்பழமோ பப்பாசியோ நறுக்கிப் போடுங்கள்.

ஆறாம் படி: பிள்ளைகள்

இரண்டு வயது நிறையும் வரை குழந்தையின் உணவில் சீனி சேர்க்கவே கூடாது. "கொஞ்சம் இனித்தால்தான் குடிப்பான்" என்று அம்மம்மா சொல்வார், உம்மம்மா சொல்வார். அவர்களோடு சண்டை வேண்டாம். பால் கொடுக்கும் வேலையை அவர்களுக்கும், பாலைக் காய்ச்சிக் கொண்டுவரும் வேலையை உங்களுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சீனி அறியாத குழந்தை சீனி கேட்காது.

பாடசாலைப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலில் தண்ணீர் மட்டுமே இருக்கட்டும். கையில் காசு கொடுத்தனுப்புவதைவிடச் சாப்பாட்டுப் பெட்டி கொடுப்பது மேல். காலையில் உண்ணாமல் போகும் பிள்ளைதான் இடைவேளையில் ஐஸ்பழமும் டொபியும் வாங்கும் பிள்ளை. பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தால் சொக்லேட், ஊசி போட்டால் டொபி என்று இனிப்பைப் பரிசாக்காதீர்கள். பந்தோ பட்டமோ வாங்கிக் கொடுக்கலாம். கடற்கரைக்கு அழைத்துப் போகலாம். 5 வயதிலிருந்து 17 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பதையும், பின்னேர வகுப்புகளை நிரப்பும் பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை பருமனாக இருந்தால் அவனை மட்டும் தனியே பத்தியம் இருக்கச் செய்யாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். வளரும் பிள்ளைக்கு எடை குறைய வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. உயரம் கூடும்போது எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மெலிந்த பிள்ளைக்குச் சீனி கொடுத்துத் தேற்றலாம் என்ற எண்ணமும் தவறு. அந்தப் பிள்ளைக்கு முட்டையும் மீனும்தான் வேண்டும்.

ஏழாம் படி: விருந்தும் பண்டிகையும்

வீட்டுக்கு வந்தவருக்குச் சோடா உடைத்துக் கொடுப்பதுதான் மரியாதை என்ற வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றி இருக்கிறது. வந்தவருக்கும் மறுக்க முடியாது. அவருக்கு நீரிழிவு இருந்தாலும் குடித்துவிடுவார். "மாமி, சீனி எவ்வளவு போடட்டும்?" என்று கேட்பதைப் புதிய மரியாதையாக்குவோம். ஒரு தெருவில் நான்கு வீடுகள் தொடங்கினால் மற்றவர்களும் கேட்கத் தொடங்குவார்கள்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பலகாரம் இல்லாமல் இருக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் சுடும் அளவைப் பாதியாக்கலாம். மூன்று நாளில் முடியும் அளவுக்குச் சுட்டால், மூன்று வாரம் டின்னில் இருந்து எடுத்து உண்ணும் நிலை வராது. நோன்புக் காலத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் நோன்பு துறக்க நிறைவானவை. பலூடாவும் சர்பத்தும் வட்டிலப்பமும் ஒரே மாலையில் வேண்டாம்; ஒரு நாளுக்கு ஒன்று போதும். கோயில் திருவிழாத் தண்ணீர்ப் பந்தல்களில் சிவப்புச் சர்பத்துக்குப் பதில் மோர் கொடுக்கப் பந்தல் போடும் இளைஞர்கள் முன்வந்தால், ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நன்மை செய்தவர்களாவார்கள்.

எட்டாம் படி: அளந்து பார்ப்பது

தையற்கார அளவு நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளிவிட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளவுங்கள். தெற்காசியர்களில் ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் எச்சரிக்கை எல்லை. எடையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டெண்; ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது. 160 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு அந்த எல்லை 59 கிலோ அளவில் வரும். மாதம் ஒருமுறை அளந்தால் போதும். தினமும் தராசில் ஏறினால் மனம்தான் சோரும்.

நடை உதவும். வாரத்துக்கு 150 நிமிட வேகநடை பெரியவர்களுக்கான குறைந்தபட்ச அளவு. நம் வெயிலில் காலை ஏழுக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ வசதி. கல்லடியிலும் கல்முனையிலும் கடற்கரை இருக்கிறது. வயற்கரையில் இருப்பவர்களுக்கு வாய்க்கால் வரம்பு இருக்கிறது. ஆனால் நடந்துவிட்டு வந்து சோடா குடித்தால் நடந்ததன் பயன் அந்தப் போத்தலிலேயே போய்விடும்.

35 வயதைத் தாண்டியவர்கள் அரச வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் அந்த வயது வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் கேளுங்கள். ஏற்கனவே நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவை ஒரேயடியாகக் குறைப்பதற்கும் நோன்பு நோற்பதற்கும் முன் கிளினிக்கில் பேசிவிட வேண்டும். உணவு குறைந்து மருந்தின் அளவு அப்படியே இருந்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும். அவர்களுக்காக வீட்டில் சிறிது சீனி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் எடை குறைக்க முயலாமல், தங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரின் ஆலோசனைப்படி உண்ண வேண்டும். கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் மாதச் சீனிக் கணக்கையும் இடுப்பளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைப் பார்த்தால் வைத்தியரும் மருந்தைப் பற்றி மட்டும் பேசாமல் உங்கள் அடுப்படியைப் பற்றியும் பேசுவார்.